ஐந்து புள்ளியும் பச்சை

என் வீட்டுக்காரருக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். பதினேழு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதால் தாராளமாகச் சொல்கிறேன். கண் பார்வையில் ஒரு குறையும் இல்லை. தூரத்தில் வரும் பஸ் நம்பரை எனக்கு முன்னால் படித்துவிடுவார். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு இந்த மூன்றில்தான் எது எது என்று பிரித்துச் சொல்ல வராது. பிறவியிலேயே அப்படி. இப்படிப்பட்ட ஆண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதில் ஒன்றும் அதிசயமில்லை. அவர் பார்க்கிற வேலைதான் அதிசயம். வெப்சைட்டுக்கும் ஆப்புக்கும் முகம் வரைந்து கொடுக்கிற டிசைனர் அவர். எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எதற்கு என்ன கலர் என்று முடிவு செய்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று சுவரைத் தேடிப் போகிறவர்களிடம் நாள் முழுக்கப் பொறுமையாகப் பேச வேண்டிய வேலை. அங்கே அடக்கி வைத்த கோபம் எல்லாம் வீட்டுக்கு வந்தால் இவர் தலையில்தான் இறங்கும். இவரும் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்ப்பார். அது இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

விஷயம் எனக்குத் தெரிந்தது கல்யாணமாகி மூன்றாவது வாரம். பழுத்த தக்காளியாகப் பார்த்து வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன். பை நிறையக் காய்களுடன் வந்து நின்றார்.

"ஏங்க, ஒண்ணுகூடப் பழுக்கலையே. கண்ணை மூடிக்கிட்டா பொறுக்கினீங்க?"

"அமுக்கிப் பாத்துத்தான் எடுத்தேன்."

"அமுக்கி எதுக்குப் பாக்கணும்? கலரைப் பாத்தா தெரியாதா?"

 அவர் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூடத் தெரியாதாம். பள்ளியில் படம் வரைந்தபோது பழுப்பு நிறத்தில் புல் வரைந்து வகுப்பே சிரித்ததிலிருந்து யாரிடமும் மூச்சு விட்டதில்லையாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அன்றைக்குக் கொடுத்த வாக்குத்தான், அவரையும் என்னையும் ஒரே திருட்டில் கூட்டாளிகளாக்கியது.

இப்படி ஒரு ஆள் எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் ஒரு அச்சகத்தில் நோட்டீஸ் அமைத்துக்கொண்டிருந்தார். கறுப்பு மை, வெள்ளைத் தாள். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவருக்குக் கைவந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு மாறியபோது மனுஷன் பயந்துதான் போனார். ஆனால் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு குறி எண் உண்டாம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, எண்ணைப் படித்தால் போதும். நூற்றுக்கணக்கான எண்களை மனப்பாடம் செய்தார். நமக்குச் சொந்தக்காரர்கள் வீட்டுப் போன் நம்பர் மறந்துவிடுகிறது. இவருக்குச் செங்கல் நிறத்தின் எண் தூக்கத்தில்கூட மறக்காது.

எண் எழுதாத இடத்தில் மாட்டிக்கொண்டால் எனக்குப் படம் அனுப்புவார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து யாரையோ ரவுண்டானாவில் சுற்ற விட்டுக்கொண்டிருப்பேன். போன் அடிக்கும்.

"ஏம்மா, படம் அனுப்பியிருக்கேன். இது என்ன கலர்?"

"நம்ம பாத்ரூம் வாளி கலர்."

"பழைய வாளியா, புது வாளியா?"

"புது வாளி. வையுங்க போனை, இங்க ஒருத்தர் பிளாட்பாரத்துல ஏறிட்டார்."

இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒரு பக்கம் எண், நடுவில் உலகம் வைத்திருக்கும் பெயர், மூன்றாவது கட்டத்தில் நான் சொன்னது. 'புது வாளி', 'மாமியார் கம்பளி', 'வெயிலில் காய்ந்த டயர்' என்று என் வார்த்தைகளை அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். நான் ஒரு காதல் கடிதம்கூட அவரிடமிருந்து வாங்கியதில்லை. அந்த நோட்டைப் பார்த்தபோது அந்தக் குறை போய்விட்டது.

தினமும் காலையில் டீயும் கையுமாக உட்கார்ந்து வெப்சைட் பார்ப்பார். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்சிக்கு வைக்கிற இடங்கள் இருக்கின்றனவாம். ஒன்று பிடித்துவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதல் வேலையாக அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவார். அப்படியும் நன்றாக இருந்தால்தான் சேர்த்து வைப்பார். மூக்கும் முழியும் நன்றாக இருந்தால் பவுடர் எதற்கு என்பார். ஆபீசில் இதை ஒரு பெரிய வித்தை என்று நினைத்து அவருக்குக் 'கறுப்பு வெள்ளை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் செய்த பக்கங்களை வெயிலில் நின்று படிக்கலாம், கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவரும் படிக்கலாம். பஸ் நேரம் காட்டும் வெப்சைட் ஒன்று செய்து அதற்குப் பரிசுகூட வாங்கினார். மேடையில் ஒரு பெண் மைக்கை நீட்டி, "நீலமும் மஞ்சளும் மட்டும் வெச்சு இவ்வளவு அமைதியான டிசைன் எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாள். "உள்ளுணர்வு" என்றார் இவர், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன், பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

பதினேழு வருடம் இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போனது. போன வருடம் ஒரு புது மேனேஜர் வந்தார்.

கெட்ட மனிதர் இல்லை. சுறுசுறுப்பானவர். இவரைப் போலவே அவரும் காலையில் அதே காட்சி வெப்சைட்டுகளைப் பார்ப்பார். ஆனால் எது கண்ணில் பட்டாலும் அது அன்று மாலைக்குள் தனக்கும் வேண்டும். அந்த நேரத்தில் இவர்கள் கையில் இருந்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கான ஆப். ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் முடிவு போனுக்கே வந்துவிடும். இவர் செய்திருந்த பக்கத்தில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் 'சரியாக உள்ளது' அல்லது 'மருத்துவரைப் பாருங்கள்' என்று எழுத்து.

மேனேஜர் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். எங்கோ விளக்கு செய்து விற்கிற ஒரு கடையின் பக்கம். எழுத்தே கிடையாது. வெள்ளைத் திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"எவ்வளவு அழகு பாருங்க சார்! நமக்கும் இப்படி இருக்கணும். எழுத்தை எல்லாம் தூக்கிடுங்க. பச்சைன்னா சரி, சிவப்புன்னா டாக்டர். குழந்தைக்குக்கூடப் புரியும்."

"சில பேருக்கு ரெண்டு கலரும் வித்தியாசம் தெரியாது சார்," என்றாராம் இவர்.

"எத்தனை பேருக்கு? நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. ஒரு ஆளைக் காட்டுங்க. ஒரே ஒரு ஆள். நான் ஒத்துக்கிறேன்."

 இவர் தலையாட்டிவிட்டு இடத்துக்கு வந்து, எழுத்தைத் தூக்கிவிட்டார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இவர் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரே வரிசையில் இருக்கிற இரண்டு பொருள்களில் ஒன்று மற்றதைவிடப் பளிச்சென்று இருந்தால் இவருக்குச் சோறு இறங்காது. பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, இம்மியும் வித்தியாசமில்லாமல் சமமாக்கினார். மற்றவர்கள் கண்ணுக்கு அது இரண்டு அழகான நிறம். இவர் கண்ணுக்கு இருந்த ஒரே அடையாளம், ஒன்று கொஞ்சம் மங்கல், ஒன்று கொஞ்சம் வெளிச்சம் என்பது. தன் கையாலேயே அதையும் அழித்துவிட்டார். இந்தக் காரியத்தை வேலை தெரியாதவன் செய்திருக்கவே முடியாது.

ஆப்பை வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க, ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். எனக்கும் கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. சரி, இதையும் பார்த்துவிடலாம் என்று போய் ரத்தம் கொடுத்தேன். சோதனை ஆப் இவர் போனில் மட்டும்தான் இருந்தது. ஆப்பில் முடிவு வந்தவர்களுக்குக் காகித ரிப்போர்ட் கிடையாது.

மறுநாள் நான் ஒரு பல் டாக்டர் அம்மாவுக்குக் கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக வருகிறார். இரண்டாவது கியருக்கு மேல் போக மாட்டேன் என்று அடம். போன் வந்தது.

"ரிசல்ட் வந்துருச்சும்மா. அஞ்சு புள்ளியும் பச்சை. நீ நல்லா இருக்கே."

"அப்ப மூச்சு வாங்குறது?"

"வயசாகுதுல்ல," என்று சிரித்தார்.

"உங்களுக்கு ஆகலையா?" என்று கேட்டுப் போனை வைத்தேன். மனசு லேசாகிவிட்டது. அடுத்த வாரமே கூடுதலாக இரண்டு பேரைப் படிக்கச் சேர்த்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, அதே பல் டாக்டர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கண் இருட்டியது. "கிளட்ச்" என்று சொல்லத் தொடங்கியதுதான் ஞாபகம். விழித்துப் பார்த்தால் கார் நடைபாதை ஓரமாக, கோட்டுக்குள், அளவெடுத்த மாதிரி நின்றிருந்தது. இத்தனை நாளாக நான் தொண்டை வற்றச் சொல்லியும் வராத பார்க்கிங், பயத்தில் தானாக வந்துவிட்டது. அந்த அம்மா என் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஈறு வெள்ளைக்காகிதம் மாதிரி இருக்கு. அசையாம இருங்க. நான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுறேன்."

"நீங்களா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

ஓட்டினார். மெயின் ரோடு, இரண்டு சிக்னல், ஒரு மேம்பாலம், எல்லாம் இரண்டாவது கியரிலேயே. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்து ஆசீர்வாதம் செய்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு இவர் தலைதெறிக்க ஓடி வந்தார். அங்கே இருந்த டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார், அந்தப் பரிசோதனை நிலையத்தோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டினார்.

"ரத்தத்துல ஹீமோகுளோபின் பாதிதான் இருக்கு. பத்து நாள் முன்னாடியே டெஸ்ட்ல வந்திருக்கே. சிவப்புன்னு காட்டியிருப்பாங்களே, ஏன் வரல?"

நான் இவரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

"சரி, அதை விடுங்க," என்றார் டாக்டர். "இவங்க முகமே வெளுத்துக் கிடக்கு. வாசல்ல நுழையும்போதே எனக்குத் தெரிஞ்சுது. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தார். அதில் எதைத் தேடுகிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆயிரம் சண்டை போட்டிருக்கிறோம், அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்கு அழுகை வந்ததுபோல் எப்போதும் வந்ததில்லை.

ஊசி, மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. வீட்டுக்கு வந்ததும் அழுகை போய் வழக்கமான கோபம் வந்துவிட்டது. படுத்தபடியே பிடித்தேன் சண்டையை.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்குப் பச்சைன்னீங்க?"

"நீ நல்லாத்தானே இருப்பேன்னு நெனச்சேன். நெனச்சது கண்ணுக்கு அப்படியே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"ஆபீஸ்லயாவது கலர் எண்ணைப் பாத்திருக்கலாமே?"

"ரிசல்ட் போன்லதானே வந்துச்சு. போன்ல கலர் எண் வராதும்மா."

 நேர்மையாகச் சொன்னால், என் கோபத்தில் பாதி என் மேல்தான். பதினேழு வருடம் வாளி, கம்பளி, டயர் என்று சொல்லிக்கொடுத்து இந்த ரகசியத்தைக் கட்டிக் காத்தவள் நான்தானே.

"திங்கக்கிழமை ஆப் வெளிய வருது," என்றார் அவர், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து. "அறுபதாயிரம் பேரு அதுல ரிசல்ட் பாப்பாங்க. அதுல என்னை மாதிரி எத்தனை பேரு இருப்பாங்க, அவங்க வீட்டுல எத்தனை பேருக்குப் பச்சைன்னு சொல்லுவாங்க."

"மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

அதுதான் சிக்கல். இவருக்கு வயது நாற்பத்தாறு. தெரிந்த தொழில் இது ஒன்று. நிறம் தெரியாத டிசைனர் என்று வெளியில் வந்தால், இத்தனை வருடம் எல்லோரையும் ஏமாற்றினான் என்றுதான் பேச்சு வரும் என்று பயந்தார். வாங்கிய பரிசைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்றார். எனக்கும் அதே பயம்தான். அதனால் நானே யோசனை சொன்னேன்: உங்களைப் பற்றிச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்.

அவரும் முயன்று பார்த்தார். பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி மேனேஜருக்கு அனுப்பினார். 'உங்க கறுப்பு வெள்ளைப் பைத்தியம் தெரிஞ்சதுதானே சார்' என்று சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது. இப்படிக் குறை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டுரையை அனுப்பினார். 'படிக்கிறேன் சார். ஆனா எனக்கு ஒரு ஆளைக் காட்டுங்க' என்று வந்தது. வியாழக்கிழமை முழுக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் போன் போட்டு, "உங்களுக்குச் சிவப்பு தெரியுமா?" என்று நான் விசாரித்தேன். ஒருவர்கூடத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு உடம்பு சரியில்லாமல் புத்தி கலங்கிவிட்டது என்று இரண்டு பேர் பழத்தோடு பார்க்க வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் கடைசி மீட்டிங். ஆப்பைச் சோதித்துப் பார்த்த குடும்பத்தார் எல்லோரும் வந்து கருத்துச் சொல்ல வேண்டும். நான் போகிறேன் என்றேன். போகும் வழியில் காரில் இவர் ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"நீ மயங்கி விழுந்தத அங்க சொல்லப் போறியா?"

"நீங்க என்ன சொல்லச் சொல்றீங்க?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.  சொல்ல மாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று இருந்தேன், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காவிட்டாலும்.

கண்ணாடிச் சுவர் வைத்த அறை. நீள மேஜை, பதினைந்து நாற்காலி, மேஜைமேல் தண்ணீர்ப் பாட்டில்கள். ஒரு கோடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்த ஒரு அம்மா, கையில் பேனாவோடு. சுவரில் பெரிய திரை. திரையில் என்னுடைய ஐந்து புள்ளிகள், பெயர் மட்டும் அழித்திருந்தது. நாலு பச்சை, ஒரு சிவப்பு. சிவப்பு அவ்வளவு தெளிவாக இருந்தது. இதையா தெரியவில்லை என்றார் என்று ஒரு நொடி எனக்கே ஆத்திரம் வந்து போனது.

வந்தவர்கள் வரிசையாக நல்லதே சொன்னார்கள். அழகாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, நகைக்கடை மாதிரி இருக்கிறது. மேனேஜர் பூரித்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், உங்களுக்கு எப்படி இருந்துச்சு? சார் வீட்டுலயே சோதனைன்னா ஸ்பெஷல்தானே!"

"நல்லா..." என்று ஆரம்பித்தேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இவர் எழுந்து நின்றிருந்தார்.

"சார், நீங்க ஒரு ஆளைக் காட்டச் சொன்னீங்க. நான்தான் அது."

மேனேஜருக்குப் புரியவில்லை. "எது?"

"அந்தத் திரையில எது பச்சை, எது சிவப்புன்னு எனக்குத் தெரியாது. அஞ்சும் எனக்கு ஒண்ணுதான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். "சார், நீங்க கலருக்குப் பரிசு வாங்கின ஆளு. விளையாடாதீங்க. எங்க, என் சட்டை என்ன கலர், சொல்லுங்க?"

"தெரியாது சார். காலையில என் சட்டை என்ன கலர்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. உங்க சட்டையப் பத்திச் சொல்ல இங்க எனக்கு ஆள் இல்ல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் தன் சட்டையைத் தானே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஏன் சார் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார், குரலை இறக்கி.

"நீங்க ஒரு ஆளைக் காட்டுங்கன்னு சொன்னப்போ நான் உங்க எதிர்லதான் சார் நின்னேன். வாய் வரல. அந்தத் தப்பு என்னோடது." தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "இது இவளோட ரிசல்ட். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி போன்ல பாத்துட்டு அஞ்சும் பச்சைன்னு இவகிட்ட சொன்னேன். இந்த வாரம் ரோட்டுல மயங்கி விழுந்தா. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, இவங்க முகம் இப்படி வெளுத்துக் கிடக்கே, வீட்ல யாரும் பாக்கலையான்னு. தினமும் பாக்குறேன் சார். காலையில எந்திரிச்சதும் இந்த முகத்தைத்தான் பாக்குறேன். வெளுத்தது எனக்குத் தெரியல."

 எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"அவ முகத்துல எழுதி வைக்க யாராலும் முடியாது," என்றார் இவர். "இந்தத் திரையில முடியும். ரெண்டு வார்த்தை. அதைத் திருப்பிப் போடுங்க."

கோடியில் இருந்த அம்மா பேனாவை மூடினார். "எழுத்து வராம இதை நாங்க வெளியிட மாட்டோம்," என்றார். திங்கட்கிழமை வெளிவர வேண்டியது புதன்கிழமைக்குத் தள்ளிப்போனது. எழுத்தைத் திருப்பிப் போட்டதோடு, பச்சைக்கு வட்டமும் சிவப்புக்கு முக்கோணமும் ஆக்கினார்கள். மேனேஜர் முகம் தொங்கிப்போய்த்தான் இருந்தார். ஆனால் அன்று சாயங்காலமே இவர் மேஜைக்கு வந்து, நம்முடைய பழைய வேலைகளை எல்லாம் எடுத்து உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். இவர் வேலை போகவில்லை. ஏமாற்றினான் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீட்டில்தான் மாற்றம். நான் காலையில் அதிகம் பேசுகிற பிறவி இல்லை. என்ன கேட்டாலும் "ம்" என்பேன், அதற்கு மேல் கேட்டால் எரிந்து விழுவேன். இப்போது அது செல்லுபடி ஆவதில்லை. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திறக்காமல், எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

"இன்னிக்கு எப்படி இருக்கே?"

"ம்."

"ம் வேண்டாம்மா. எனக்குப் பாத்துத் தெரியாது. வார்த்தையாச் சொல்லு."

ஆரம்பத்தில் இது என்ன தினமும் ஒரு விசாரணை என்று கத்தினேன். அவர் நகரவில்லை. கத்தி முடியும்வரை பொறுத்திருந்து மறுபடியும் அதையே கேட்டார். இப்போது சொல்கிறேன். தலை சுற்றல் இல்லை, முட்டி வலிக்கிறது, நேற்று உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன். என் முகத்தைப் பார்த்தபடியே கடைசி வார்த்தை வரை கேட்கிறார்.